நன்றி சொல்லும் பாடம்

அக்டோபர் 1, செவ்வாய்

ஒன்பது செவ்வாய் செபிக்கும் அந்தோனியார் நவநாளில் இன்று ஐந்தாம் செவ்வாய். இந்த வீட்டில் மெழுகுதிரி ஏற்ற வழியில்லை, கூரையில் இருக்கும் புகை மணி அலறிவிடும். ஒரு தடவை அலறி, கீழ்த்தளத்தில் ஊறுகாய், பதார்த்தக் கடை வைத்திருக்கும் போமி ஓம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். அதிலிருந்து பாட்டரி விளக்குத்தான். புனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கொரியாவில் தாயை ஓம்மா என்பார்கள். பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவது. என் மகள் பெயர் ஜோவிட்டா இவர்கள் வாயில் ஜோபிதா ஆகிவிட்டதால் நான் ஜோபிதா ஓம்மா. பிரகாசி என்று என்னைக் கூப்பிட இந்தத் தீவில் இருக்கிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர் கில்பர்ட், அவரும் கப்பல் கட்டும் தளத்திலிருந்து திரும்பிய பிறகுதான். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் "அங்கயும் அம்மா அப்பாதானாமே" என்று அதிசயப்படுகிறார்கள். ஐந்து வருடமாக ஆமாம் சொல்லி அலுத்துவிட்டது.

நவநாள் போமிக்காக. ஜோவிட்டாவோடு மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. பிறந்ததிலிருந்தே கால்கள் இறுகி உள்பக்கமாக வளைந்தவை, இரண்டு கையிலும் ஊன்றுகோல். அவள் படி ஏறுவதைப் பார்த்தால் நான் நின்று சிலுவை போட்டுக்கொள்வேன். அவள் தாயிடம் இன்னும் சொல்லவில்லை. உவரியில் இருக்கும் மதினியிடம் மட்டும் சொல்லி, அங்குள்ள அந்தோனியார் கோவில் வாசல் கடையில் வெள்ளியில் ஒரு கால் உரு வாங்கச் சொல்லியிருக்கிறேன். சுகம் வேண்டுகிற உறுப்பில் உருவைத் தொட்டு வாங்கி, பிறகு புனிதர் காலடியில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். கில்பர்ட்டோடு தளத்தில் வேலை செய்கிற, லீவு முடிந்து திரும்புகிற சந்தியாகு அண்ணனிடம் மதினி கொடுத்துவிடுவாள்.

வாங்கியது: முள்ளங்கி, முட்டை ஒரு தட்டு, ஜோவிட்டாவுக்கு முகக் களிம்பு. களிம்பு குளிர்காற்றுக்கு.

அக்டோபர் 2, புதன்

மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

நான் பத்தாம் வகுப்பு. இந்த ஊர்ப் பாஷையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஜோவிட்டாவின் பாடப் புத்தகத்தை அவளுக்கு ஒரு பாடம் முந்தி, குழம்பு கொதிக்கிற நேரத்தில், போனில் அகராதியை வைத்துக்கொண்டு படித்துப் படித்து வந்ததுதான்.

இன்று படித்த பாடம் சேர்ந்து வாழ்வது பற்றி. வெப்பமான நாட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளை வகுப்புக்கு வருகிறாள். அவளுடைய தாய்க்குப் பள்ளி அறிவிப்பைப் படிக்கத் தெரியவில்லை. ஆகையால் அவள் வண்ணப் பென்சில் இல்லாமல் வந்து நிற்கிறாள். வகுப்புத் தலைவன் தன்னுடையதைக் கொடுக்கிறான். அவள் திக்கித் திக்கி "கோமாவோ", அதாவது நன்றி, என்கிறாள். அடுத்த பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பையன். எல்லோரும் முறை வைத்து அவனைத் தள்ளுகிறார்கள். அவனும் கோமாவோ. கடைசியில் ஒரு கேள்வி: இவர்களுக்கு நான் என்ன செய்யலாம்? எழுத மூன்று கோடு.

நல்ல பாடம் என்றுதான் நினைத்தேன். இரக்கத்தைச் சொல்லித்தருகிறார்கள், வேறென்ன வேண்டும். ஆனால் புத்தகத்தை மூடி வைத்த பிறகும் கை அதிலேயே இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெயர் இருக்கிறது. கருப்பாக வரைந்த பிள்ளைக்குப் பெயர் "புதுத் தோழி". நாற்காலிப் பையனுக்குப் பெயர் "நடக்க முடியாத தோழன்".

மாதக் கடைசியில் வரவு செலவு சரிபார்க்கிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். அந்த நிறத்தில் பிள்ளைகள் இன்னும் இரண்டு இடத்தில் வருகிறார்கள். ஒரு இடத்தில் தனியாகச் சாப்பிடுகிறார்கள், ஒரு இடத்தில் பொட்டலம் வாங்குகிறார்கள். நாற்காலி வருகிற இடத்திலெல்லாம் அதன் முதுகில் யாரோ ஒருவருடைய கை. இவர்கள் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். புத்தகம் முழுக்கத் தேடியும் ஒரு தடவைகூட யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 7, திங்கள்

பிள்ளைகள் படிப்பதைப் பெற்றோர் பின்னால் நின்று பார்க்கிற நாள் 23ஆம் தேதியாம். ஜோவிட்டா பையைக் கழற்றாமலேயே சொன்னாள்.

"அம்மா, அந்தப் பாடத்த நாடகமாப் போடுதோம். நாந்தான் புதுத் தோழி."

"நீயா கை தூக்குனியா?"

"கை தூக்கவே சொல்லல. டீச்சர் நேரா என்னயப் பாத்தாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சரின்னுட்டேன்."

"போமி?"

"நாற்காலி."

"அவகிட்டத்தான் நாற்காலியே கெடையாதே."

"நர்ஸ் ரூம்ல ஒண்ணு மடக்கி வச்சிருக்காங்க. அதக் கொண்டாருவாங்களாம். நான் நடந்தே வாரேன்னு போமி சொன்னா. நீ நடந்துட்டா தள்ளுறவங்களுக்கு வேல இருக்காதேன்னு டீச்சர் சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் நான் கொரியன் தெரியாத மாதிரிப் பேசணுமாம்."

டீச்சர் சியோல்காரி. இந்தத் தீவுப் பேச்சு அவருக்கே பாதிதான் விளங்கும். நாலு வயதில் இங்கே வந்த ஜோவிட்டா மீன் சந்தைப் பெண்கள் மாதிரி இழுத்து இழுத்துச் சண்டை போடுவாள்.

எனக்கும் ஒரு வேண்டுகோள் வந்திருக்கிறது, உங்கள் நாட்டு உடையில் வாருங்கள் என்று. பட்டுச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டேன். போட்டுவிட்டுத் திரும்ப மடித்து வைத்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆறாம் செவ்வாய். செபமாலையில் இரண்டு தடவை எண்ணிக்கை தவறியது.

கில்பர்ட்டிடம் சொன்னேன்.

"ஏளா, பத்து நிமிச நாடகம். பிள்ள நடிச்சிட்டு வந்துரும். நம்ம ஊர்ல கிறிஸ்மஸ் குடிலுக்கு முன்னால நீ ஆட்டுக்குட்டியா நிக்கலியா?"

"நின்னேன். மறுநா என்னய யாரும் ஆட்டுக்குட்டின்னு கூப்பிடலியே."

அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "டிசம்பர்ல எனக்குக் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். ஸ்கூல்ல போயி மொறச்சிக்கிட்டு நிக்காத" என்றார்.

பள்ளிக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. அந்நியராக இருக்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரித்தான் தோன்றுகிறது.

அக்டோபர் 10, வியாழன்

சீடை செய்து கீழே கொண்டுபோனேன். கடையின் பின்னறையில் பிள்ளைகள் இரண்டும் அஞ்சாங்கல் மாதிரி ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. போமி கள்ளாட்டம் ஆடுகிறாள். பிடிபட்டாலும் ஒத்துக்கொள்வதில்லை.

"ஏய் தாமுன்வா, கையெடு" என்கிறாள் இவளை. வெளிநாட்டுத் தாயோ தகப்பனோ உள்ள குடும்பத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கிற சொல் அது. வகுப்பில் ஜோவிட்டாவுக்கு இரண்டாவது பெயர் ஆகிவிட்டது.

"நீ எடு, நாலுகாலி" என்கிறாள் இவள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜோவிட்டாவின் தோளில் ஒன்று வைத்தேன். இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரிப் பார்த்தார்கள்.

"நாங்க சொல்லிக்கிடலாம்மா. அவங்கதான் சொல்லக் கூடாது" என்றாள் ஜோவிட்டா.

பாடம் எழுத எங்கள் வீட்டுக்குப் போமி படி ஏறும்போது பையை நான் வாங்கிக்கொள்ளப் போனேன். "பை என்னோடது" என்று இழுத்துக்கொண்டாள். கூச்ச சுபாவம், பாவம்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஏழாம் செவ்வாய். சந்தியாகு அண்ணன் காலையில் உருவைக் கொண்டுவந்து தந்தார். உள்ளங்கை நீளம், விரல்கூடச் செதுக்கியிருக்கிறது. நாள் நல்ல நாள், தள்ளிப்போட மனம் வரவில்லை. சொல்ல வேண்டியதைக் கொரியனில் எழுதிப் பழகிக்கொண்டு மாலையில் கீழே போனேன்.

போமி ஓம்மா முள்ளங்கியில் மிளகாய்த்தூள் பிசைந்துகொண்டிருந்தாள். சொல்லச் சொல்லக் கையுறையைக் கழற்றி, உருவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் போமி வந்துவிட்டாள்.

"இது யாரோட காலு?"

"ஒன்னோடதுதான்" என்றேன்.

தன் காலை நீட்டி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது நேரா இருக்கே. வேற யாருக்கோ செஞ்சத மாத்திக் குடுத்துட்டாங்க." பிறகு, "ஒத்தக் காலுதான் கெடச்சிதா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் தாய் அவளை உள்ளே போகச் சொன்னாள்.

"ஜோபிதா ஓம்மா, எத்தன நாளா வேண்டிக்கிறீங்க?"

"ஏழு வாரமா." சந்தோஷப்படுவாள் என்று எண்ணிச் சொன்னேன்.

"ஏழு வாரமா எம்பிள்ளையக் கொண்டுபோயி ஒங்க சாமி முன்னால நிறுத்தி, இது சரியில்ல, திருத்திக் குடுங்கன்னு கேட்டிருக்கீங்க."

"சுகம்தான கேட்டேன்."

"அவளுக்குச் சுகக்கேடு ஒண்ணுமில்லையே. போன வருசம் ஒரே ஒரு தடவ சளி பிடிச்சுது."

எனக்குப் பழகிவைத்த வாக்கியங்கள் தீர்ந்துவிட்டன. நல்ல மனதோடு செய்தேன் என்று எப்படியோ சொன்னேன்.

"தெரியுது. அந்தப் பாடத்துக்குப் படம் வரைஞ்சவங்களும் நல்ல மனசோடதான் வரைஞ்சிருப்பாங்க."

உருவைத் துணியில் சுற்றித் திரும்பத் தந்தாள். எப்போதும்போல ஒரு டப்பா முள்ளங்கிக் கிம்சியும் தந்தாள். கோபம் என்று எழுத மாட்டேன். நான் படி ஏறும்போது பாத்திரங்களைக் கழுவுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

வழக்கம் தெரியாதவர்களிடம் போய்ச் சொன்னது என் தப்பு. அவ்வளவுதான்.

அக்டோபர் 16, புதன்

உருவை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அங்கே இருப்பது தெரிந்துகொண்டே இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

பள்ளிக்குப் போனேன். கில்பர்ட்டிடம் சந்தைக்கு என்று சொன்னேன். பொய் ஆகாதிருக்க, வருகிற வழியில் சந்தையிலும் நுழைந்து வெங்காயம் வாங்கினேன்.

டீச்சருக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பார்லித் தண்ணீர் ஊற்றித் தந்தார். வகுப்புத் தலைவன் கியுமின் புதுத் தோழியாக நடிக்கட்டும், ஜோவிட்டா தலைவியாக இருந்து பென்சில் கொடுக்கட்டும் என்று கேட்டேன்.

அவர் நிஜமாகவே யோசித்தார். அதைச் சொல்ல வேண்டும். பிறகு, "அப்படி மாத்தினா பிள்ளைங்களுக்குப் பாடம் புரியாமப் போயிடும்" என்றார்.

"ஏன் புரியாது?"

"ஜோபிதா ஏன் கியுமினுக்கு உதவி பண்றான்னு குழம்பிடுவாங்க." முகத்தில் கள்ளம் இல்லை. "ஜோபிதாகிட்டக் கேட்டுத்தான் செஞ்சேன். சரின்னு சொன்னா. எல்லாரும் கைதட்டினாங்க."

"அந்த நாற்காலி? போமி நடக்கிற பிள்ளையாச்சே."

"பாடத்துல நாற்காலின்னு இருக்கே."

எழுந்து, குனிந்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று படிக்கட்டில்தான் யோசித்தேன். திரும்பப் போய் எடுத்துக்கொண்டு வர முடியாதே.

அக்டோபர் 20, ஞாயிறு

பூசைக்குப் போனோம். சாமியார் வயதானவர், பிரசங்கம் விளங்கவில்லை. விளங்காத நாளில்தான் நன்றாக வேண்ட முடியும் எனக்கு. இன்று அதுவும் இல்லை.

அக்டோபர் 21, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். புதன்கிழமை ஜோவிட்டாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவது. பொய்தான். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜோவிட்டாவிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன்.

"நான் போவேன்."

"ஒனக்குப் பிடிக்கலன்னுதானட்டி சொல்லுதேன்."

"நான் போகலன்னா போமி மட்டும் ஒத்தையில அந்த நாற்காலில இருப்பா. நீ பேசாம இரு."

தாயிடம் பேசுகிற பேச்சா அது என்று அதட்டினேன். அதட்டிவிட்டுப் போய் வெங்காயத்தை உரித்தேன், சமையலுக்குத் தேவையில்லாதபோதும்.

அக்டோபர் 22, செவ்வாய்

எட்டாம் செவ்வாய். விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். விண்ணப்பம் சொல்கிற இடம் வந்தபோது எதைக் கேட்பது என்று தெரியவில்லை. போமியின் காலைக் கேட்க வாய் கூசியது. வேறு என்ன கேட்பது. அந்தோனியாரும் காத்திருந்திருப்பார். எழுந்துவிட்டேன்.

ஜோவிட்டாவுக்குப் பயத்தமாவும் பாலாடையும் தேய்த்துக் குளிப்பாட்டி, களிம்பும் தடவினேன். நாளைக்கு நாலுபேர் பார்க்கிற இடம்.

"அம்மா, நாளைக்கு நான் கருப்பாத்தான இருக்கணும்? அதுக்குத்தான என்னய எடுத்திருக்காங்க."

கை நின்றுவிட்டது. விரலில் இன்னும் கொஞ்சம் களிம்பு இருந்தது. எடுத்ததை வீணாக்க முடியாது, அதையும் தடவினேன்.

அக்டோபர் 23, புதன்

சேலை கட்டவில்லை. சாம்பல் நிறக் குளிர்ச்சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு போனேன். டீச்சர் வாசலில் பார்த்து ஒரு நொடி தயங்கினார். பிறகு நன்றாகச் சிரித்து வரவேற்றார்.

பின்சுவரோரம் இருபது பெற்றோர் இருப்போம். போமி ஓம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். உருவைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. இன்று எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேர் போனும் பைக்குள்தான் இருந்தது.

முதலில் நாற்காலி. போமியின் ஊன்றுகோல்களை வாங்கிச் சன்னலோரம் சாய்த்துவைத்துவிட்டு, அவளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கால்படி அவளுக்கு எட்டவில்லை, கால் இரண்டும் தொங்கின. தள்ளுகிற பிள்ளைகள் முறைவைத்து மாறினார்கள், ஆளுக்கு நாலு எட்டு. அவள் கோமாவோ சொல்ல வேண்டிய இடம் வந்தது. சொல்லவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எடுத்துக்கொடுத்தார். அப்போதும் இல்லை. "போமிக்கு இன்னிக்கு வெட்கம்" என்று டீச்சர் சிரித்துச் சமாளித்தார். பெற்றோர்களும் சிரித்தார்கள். பக்கத்தில் போமி ஓம்மா மூச்சை விட்டது கேட்டது.

அடுத்தது ஜோவிட்டா. வெறும் மேசை முன்னால் தலைகுனிந்து நின்றாள். கியுமின் வந்து வண்ணப் பென்சில் டப்பாவை நீட்டினான். "உன்கிட்ட இல்லைல்ல, இத வச்சுக்கோ." நல்ல பையன், மனப்பாடம் செய்ததை ஒழுங்காகச் சொன்னான்.

ஜோவிட்டா டப்பாவைப் பார்த்தாள். வாங்கவில்லை, பேசவுமில்லை.

கியுமினின் கை நீண்டபடியே இருந்தது. டப்பாவுக்குள் பென்சில்கள் ஆடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. டீச்சர் மெதுவாக "கோமா..." என்று தொடங்கிக் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது பிள்ளையும் பேசாமல் நின்றால் வெட்கம் என்று சொல்ல முடியாது. எனக்கு முன்னால் நின்ற தாய்மார்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் அன்பாகத்தான் பார்த்தார்கள். நான் சிரித்தேன்.

ஜோவிட்டா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

என் உதடு அசைந்தது. கோமாவோ. சத்தம் இல்லாமல். அவள் கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு தடவை அசைத்தேன்.

"கோமாவோ" என்றாள்.

வகுப்பு முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன். என் பக்கத்தில் நின்றவள் தட்டவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் ஜோவிட்டா எனக்கு முன்னாலேயே நடந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் பச்சை விளக்குக்கு நின்றபோதுதான் வாய் திறந்தாள்.

"ரெண்டு பேரும் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம். நானும் அவளும். விரல் கோத்துச் சத்தியம் பண்ணினோம்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல, மக்கா."

"சொன்னா நீ செபம் பண்ணுவ."

விளக்கு பச்சையானது. கடந்தோம்.

"அவ சொல்லல. நான் சொல்லிட்டேன்" என்றாள். "நீ வாய அசைச்ச."

அக்டோபர் 24, வியாழன்

காலையில் போமி காத்திருக்காமல் தனியாகப் பள்ளிக்குப் போய்விட்டாள். ஜோவிட்டா கடைவாசலில் நின்றுவிட்டுப் பிந்திப் போனாள்.

அக்டோபர் 25, வெள்ளி

இன்றும் அப்படியே. மாலையில் ஜோவிட்டா கடைக்கதவைத் தட்டியிருக்கிறாள். போமி உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னாளாம். "எனக்கே கேக்கட்டும்னு சத்தமாச் சொன்னா" என்றாள் ஜோவிட்டா. சோறு இறங்கவில்லை அவளுக்கு.

கில்பர்ட், "சின்னப் பிள்ளைங்க சண்ட, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். டீச்சர் நாடகப் படங்களை அனுப்பியிருக்கிறார். ஒன்றில் ஜோவிட்டா டப்பாவை வாங்குகிறாள். அழகாக விழுந்திருக்கிறது. ஊருக்கு அனுப்பச் சொன்னார் கில்பர்ட். படத்தைப் பெரிதாக்கி அவள் முகத்தைப் பார்த்தேன். அனுப்பவில்லை.

அக்டோபர் 26, சனி

காலையில் கீழே போனேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. சும்மா கையோடு அந்தக் கடைக்குள் நுழைந்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

போமியிடம் பேச வேண்டும் என்றேன். அவள் தாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப அவகிட்டயே கேளுங்க" என்று பின்னறையைக் காட்டினாள்.

போமி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். நிமிரவில்லை.

"ஜோவிட்டா சொல்லக் கூடாதுன்னுதான் நின்னா, போமி. நான்தான் சொல்ல வச்சேன்."

"எப்பிடி?"

"பின்னால நின்னு வாய அசைச்சேன்."

"எத்தன தடவ?"

"ரெண்டு."

ஒரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். "எதுக்கு அசைச்சீங்க?"

படி இறங்கும்போதே பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். கியுமின் பாவம், டீச்சர் பாவம், அப்பாவுக்குக் காண்ட்ராக்ட். ஒன்பது வயசுப் பிள்ளை முன்னால் ஒன்றும் எழும்பவில்லை.

"எல்லாரும் என்னயப் பாத்தாங்க" என்றேன்.

"என்னயுந்தான் பாத்தாங்க" என்றாள் போமி.

அவள் இன்னும் மூன்று பல் உரித்தாள். உதவிக்கு ஒரு பூண்டை எடுக்க என் கை நீண்டது. கிண்ணத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இதற்குக் கூச்சம் என்று பெயர் இல்லை.

"ஜோபிதாவ வரச் சொல்லுங்க" என்றாள் கடைசியில். "நீங்க இப்ப வேண்டாம்."

"சரி" என்றேன்.

மேலே போய்ச் சொல்லி முடிக்கும் முன்பே ஜோவிட்டா ஷூவின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு இறங்கி ஓடினாள். அவள் பின்னாலேயே பாதிப் படி இறங்கிவிட்டேன். கடைக்கதவு திறந்தது, மூடியது. உள்ளே போமியின் குரல் ஏதோ அதட்டிற்று, இவள் பதிலுக்கு அதட்டினாள்.

நான் நடுப்படியில் நின்றேன். மேலே போகக் கால் வரவில்லை. கீழே போக அனுமதி இல்லை.